மணிக்கட்டில் கயிறா? கருவியா?

(காரைக்காலில் நடந்த பகுத்தறிவுக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வலிப்பு நோயைப்பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளையிட்டிருக்கிறீர்கள். அதிலும் கை, கால், தோள் ஆகியவை நம்முடைய விருப்பமில்லாமலே வெடுக்கென்று துள்ளுகின்றனவே, அந்தத் துள்ளலைப் பற்றியும், அதைக் கண்டு அளப்பதற்கென்று இப்போது உடம்பில் கட்டிக்கொள்ளும்படியாக வந்திருக்கும் சிறு கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டுமென்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, சுயமரியாதைக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வியாதியை டாக்டர் பார்த்துக்கொள்வார், அது உண்மை. ஆனால் வியாதிக்காரனை டாக்டரிடம் போகவிடாமல் நடுவழியில் மறித்துக்கொண்டு நிற்கிறார்களே ஜோசியனும், மந்திரவாதியும், பூசாரியும், அவர்களை வழியிலிருந்து விலக்குவது யார் வேலை? அது நம்முடைய வேலைதான். ஆகையால்தான் இந்த விஷயத்தை ஒப்புக்கொண்டேன்.

சனியும் காக்கையும்

இந்த நோய்க்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயரையே முதலில் பாருங்கள். காக்காய் வலிப்பு என்கிறார்கள். காலும் கையும் இழுப்பதால் கால் கை வலிப்பு என்று சொன்னது, வாய்மாறி வாய்மாறிக் காக்காய் வலிப்பு ஆகிவிட்டது என்பார்கள். காக்காய்க்கும் இந்த நோய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் காக்காய் யாருடைய வாகனம்? சனீசுவரனுடைய வாகனம். அந்தச் சனீசுவரன் எங்கே இருக்கிறார்? நமக்கு நாலைந்து கிலோமீட்டரில், திருநள்ளாற்றில் இருக்கிறார். போதாதா? பிள்ளைக்கு இழுப்பு வந்ததும், சனி பிடித்திருக்கிறது, நள தீர்த்தத்தில் தலைமுழுகி, உடுத்திய துணியை விட்டுவிட்டு, எள் விளக்குப் போட்டால் விட்டுவிடும் என்று சொல்லுவதற்கு ஆள் தயாராக இருக்கிறான்.

சரி, அவர்கள் கணக்கையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஏழரை நாட்டுச் சனி என்பது என்ன? ஒருவனுடைய ராசி, அதற்கு முன் ராசி, அடுத்த ராசி ஆகிய மூன்றிலும் சனி இருக்கும் காலமாம். ராசி மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டில் மூன்றென்றால் கால் பங்கு. ஆகவே எந்த ஊரிலும், எந்த நாளிலும், நாலு பேருக்கு ஒருவர் வீதம் ஏழரைச் சனியில்தான் இருந்தாக வேண்டும். அதாவது 1,000 பேரில் 250 பேர். ஆனால் உலக சுகாதார நிறுவனம் எடுத்த கணக்குப்படி வலிப்பு நோய் உள்ளவர்கள் 1,000 பேரில் 4 முதல் 10 பேர்தான். சனிதான் காரணம் என்றால் மற்ற 240 பேரை அவர் ஏன் விட்டுவிட்டார்? அன்றியும், ராசியும் தெரியாமல், சனிப்பெயர்ச்சியும் தெரியாமல் இருக்கிற டென்மார்க்கிலும் ஜப்பானிலும் இதே நோய் இருக்கிறதே, அங்கே எந்தக் காக்காய் பறந்துபோய்க் கொடுத்தது? இதற்கு ஜோசியர்கள் பதில் சொல்லட்டுமே, கேட்போம்.

இந்துக் கோவிலை மாத்திரம் சொல்லுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தர்க்காவானாலும் சரி, மாதா கோவிலானாலும் சரி, நோயாளியைக் கொண்டுபோய்க் கட்டிப்போடும் புத்தி எல்லா மதத்திலும் ஒன்றுதான். 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தர்க்காவை நம்பிக் கொண்டுவிடப்பட்ட மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. காலில் சங்கிலி கிடந்ததால் ஓட முடியாமல் வெந்து செத்தவர்களோடு சேர்த்து 28 பேர் மாண்டார்கள். அவர்களை விட்டு எந்தப் பேய் ஓடிற்று?

துடிப்புக்குப் பலன் பார்க்கும் நாடு

உடம்பு தானாகத் துடித்தால் அதற்குப் பலன் சொல்ல ஒரு சாஸ்திரமே நம்மிடம் உண்டு. துடிநூல் என்று பெயர். வலது கண் துடித்தால் ஒன்று, இடது கண் துடித்தால் ஒன்று. ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு வேறு மாதிரி. விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்களாம். தூக்கத்தில் பள்ளத்தில் விழுவதுபோலத் தூக்கிப் போட்டால் கெட்ட சொப்பனமாம்.

உண்மை என்ன? விக்கல் என்பது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவேயுள்ள உதரவிதானம் என்ற தசை திடீரென்று சுருங்குவது. தூங்கப்போகும் சமயம் தூக்கிப்போடுவதும் தசைத் துள்ளல்தான். இவை எல்லோருக்கும் வரும், நோயல்ல. டாக்டர்கள் இந்தத் துள்ளலுக்குப் பொதுவாக மயோக்ளோனஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் இதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு துள்ளல் மூளையின் மேற்பரப்பிலிருந்து புறப்படுகிறது. அங்கேயுள்ள நரம்பணுக்கள் பல ஒரே சமயத்தில் மின்சாரத்தைக் கொட்டிவிடுகின்றன. உடனே கை துள்ளுகிறது. இது வலிப்பு நோயைச் சேர்ந்தது. ஒரு துள்ளல் பெரும்பாலும் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரங்கூட நிற்பதில்லை. கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இதில் ஒரு வகையை 1867-இலேயே எர்பென் என்ற வைத்தியர் பிரெஞ்சு மொழியில் எழுதிவைத்தார். பின்னர் 1957-இல் ஜெர்மன் டாக்டர் யான்ஸ் என்பவர் அதைத் தனி நோயாகத் தெளிவுபடுத்தினார். பெரும்பாலும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் தொடங்கும். காலையில் தூங்கி எழுந்த சிறிது நேரத்துக்குள் தோளும் கையும் வெடுக்வெடுக்கென்று துள்ளும். நினைவு தப்பாது. கையில் இருக்கும் சீப்பு பறந்துவிடும்; காபி டம்ளர் கீழே விழும். வீட்டில் என்ன சொல்லுகிறார்கள்? பெண்பிள்ளையானால், “கையில் நிதானமில்லாத கழுதை, போகிற இடத்தில் எப்படிக் குடித்தனம் பண்ணுவாய்” என்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் குங்குமச்சிமிழ் விழுந்துவிட்டால் அபசகுனம் என்று அடியும் விழுகிறது. அந்தப் பெண்ணும் வெட்கப்பட்டு வாயைத் திறப்பதில்லை. ஆறு மாதமோ, ஒரு வருஷமோ கழித்து ஒரு நாள் நினைவு தப்பி விழுந்து பெரிய வலிப்பாக வரும்போதுதான் ஊருக்குத் தெரிகிறது. அப்போதும் டாக்டரிடம் பெரிய வலிப்பைச் சொல்லுகிறார்களே தவிர, டம்ளர் விழுந்ததைச் சொல்லுவதில்லை. அதைப்போய் ஒரு நோயென்று யார் நினைப்பார்கள்?

தோழர்களே! இங்கேதான் ஆபத்திருக்கிறது. வலிப்பு மருந்துகள் எல்லாம் ஒன்றல்ல. கார்பமஸெபின் என்ற மருந்து பலவித வலிப்புக்கு நல்ல மருந்து. ஆனால் நான் சொன்ன இந்தத் துள்ளல் வகையில் அதுவே துள்ளலை அதிகப்படுத்தக் கூடும். வால்ப்ரோயேட் என்ற மருந்து, பிரான்சில் கண்டுபிடித்து 1967-இல் அங்கே விற்பனைக்கு வந்தது, இந்தத் துள்ளலை நன்றாக அடக்கும். ஆனால் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்குக் கொடுத்தால் கருவிலுள்ள குழந்தையைக் கெடுக்கும் என்று தெரிந்திருக்கிறது. ஆகையால் எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு என்று டாக்டர் தீர்மானிக்க வேண்டுமானால் துள்ளல் உண்டா, இல்லையா, எப்போது வருகிறது, எத்தனை வருகிறது என்ற கணக்கு அவருக்கு வேண்டும். டம்ளர் விழுந்த சங்கதியை மறைத்தால் சரியான மருந்தே தப்பிவிடுகிறது.

இன்னொன்று. இந்த வகைத் துள்ளலுக்குப் பெரிய எதிரி தூக்கமில்லாமை. இரவெல்லாம் கண்விழித்தால் மறுநாள் காலையில் துள்ளலும் வலிப்பும் வரும். நம்முடைய பேயோட்டும் முறையோ, இராத்திரி முழுவதும் உடுக்கடித்து விழிக்கவைத்து, விடியற்காலையில் குளத்தில் முழுகவைப்பது. பட்டினியும் போட்டு, “விரதத்தில் மருந்து சாப்பிடாதே” என்று மாத்திரையையும் நிறுத்திவிடுவது. இப்படிச் செய்தால் வராத வலிப்பும் வந்துதான் தீரும். வந்ததும், “பார்த்தாயா, பேய் அடம்பிடிக்கிறது” என்று இன்னும் ஓர் இரவுக்குக் கூலி கேட்கிறான். தண்ணீரிலே வலிப்பு வந்தால் இரண்டு முழம் ஆழத்திலும் மூழ்கிச் சாகலாம். வலிப்பு அடங்காத ஒருவரைத் தனியாகக் குளத்திலோ ஆற்றிலோ இறக்கக் கூடாது, கடல் தொழிலுக்குத் தனியாக அனுப்பக் கூடாது என்பது டாக்டர்கள் சொல்லும் முதல் புத்திமதி. நம்மவர்களோ தீர்த்தத்தையே மருந்தென்று சொல்லி அதிலே இறக்குகிறார்கள்!

மூளைதான் என்பதற்கு ருஜு

மூளையிலிருந்துதான் வருகிறது என்று நீ எப்படிச் சொல்லுகிறாய், உனக்கு மாத்திரம் என்ன ருஜு என்று ஒருவர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. கேட்கத்தான் வேண்டும்.

சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் ஒரு நூல், இந்த நோய் மற்ற நோய்களைக் காட்டிலும் தெய்வீகமானதல்ல, மூளையிலிருந்து வருவதே என்று வாதாடிற்று. ஆனால் அது வாதந்தான். கண்ணால் காட்ட முடியவில்லை. 1924-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் மனிதனுடைய தலையின்மேல் கம்பியை வைத்து மூளையின் மின்னோட்டத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். 1929-இல் அதை வெளியிட்டார். அதைத்தான் இ.இ.ஜி. என்கிறார்கள். பின்னர் 1975-இல் ஜப்பானில் ஷிபசாகி என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளியும் ஒரு வழி செய்தார்கள். கையில் தசை துள்ளும் கணத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்று முன்னால் மூளையில் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் பார்த்தார்கள். ஒரு தடவை அல்ல, பல துள்ளல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தார்கள். என்ன தெரிந்தது? ஒவ்வொரு துள்ளலுக்கும் சுமார் ஐம்பதில் ஒரு விநாடிக்கு முன் மூளையில் ஒரு கூரிய மின்னல் எழுந்திருக்கிறது. மூளையிலிருந்து கைக்கு நரம்பு வழியாகச் செய்தி வந்துசேரப் பிடிக்கும் நேரமும் அதுதான். பேய் கையைப் பிடித்து இழுத்திருந்தால் மூளைக்கு முன்கூட்டியே ஏன் தெரிய வேண்டும்? சனி இழுத்திருந்தால் நரம்பின் நீளத்துக்குத் தக்கபடி ஏன் நேரம் பிடிக்க வேண்டும்? இதைத்தான் ருஜு என்பது.

கட்டிக்கொள்ளும் கருவி

ஆனால் இ.இ.ஜி. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து எடுப்பது. அரை மணியோ ஒரு மணியோ எடுப்பார்கள். துள்ளல் வருவதோ வீட்டில், விடியற்காலையில். நோயாளியே எண்ணிச் சொல்லட்டுமென்றால் அதுவும் நம்பும்படியாக இல்லை. 2007-இல் ஜெர்மனியில் ஆஸ்பத்திரியில் வைத்துப் படம்பிடித்தும் பதிவு செய்தும் பார்த்ததில், வந்த வலிப்புகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை நோயாளிகள் தங்கள் குறிப்பில் எழுதவே இல்லை. பொய் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியாமல் வந்து போயிருக்கிறது. ஆகவே நோயாளி போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போய்க் கணக்கெழுதும் ஒரு குமாஸ்தா வேண்டியிருந்தது. அந்தக் குமாஸ்தாதான் இந்தக் கருவி.

உடம்பின் அசைவை உடம்பிலேயே கட்டிப் பதிவு செய்யும் யோசனை புதிதல்ல. நம்மை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டிலே மாரே என்ற விஞ்ஞானி 1860-ஆம் வருஷ வாக்கிலேயே மணிக்கட்டில் ஒரு கருவியைக் கட்டி, நாடித் துடிப்பு தானாகவே புகைபிடித்த காகிதத்தில் கோடாக எழுதும்படி செய்துவிட்டார். நாடி பார்க்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், நாடி தானே எழுதியதை யாரும் பார்த்துக்கொள்ளும்படி அவர் செய்தார்.

இப்போதுள்ள கருவியின் தத்துவம் மிகவும் சாதாரணமானது. காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறீர்கள்; சட்டென்று கிளப்பினால் பின்னால் சாய்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் பஸ்ஸின் வேகம் எப்படி மாறிற்று என்று உங்கள் உடம்பே சொல்லிவிடுகிறது. அப்படியே கடுகிலும் சிறிய ஒரு சிலிக்கன் துண்டு, மெல்லிய வில்லில் தொங்கிக்கொண்டு, கருவிக்குள் பிரயாணம் செய்கிறது. கை துள்ளினால் அது சாய்கிறது. மூன்று திசையிலும் எவ்வளவு சாய்ந்தது என்று விநாடிக்குப் பல தடவை கருவி எழுதிக்கொள்கிறது. இதற்கு ஆக்ஸலரோமீட்டர் என்று பெயர். உங்கள் சட்டைப்பையிலுள்ள கைபேசியைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதுவும் இதன் வேலைதான். இதைத் தவிர, தசையின் மின்சாரத்தைத் தோலின்மேல் ஒட்டவைத்து அறிவது ஒரு விதம்; தோலில் வேர்வை ஊறுவதால் மின்சாரம் பாயும் தன்மை மாறுவதை அறிவது மற்றொரு விதம்.

இந்தக் கடைசி விதம் வலிப்புக்கு உதவும் என்பது எதிர்பாராமல் தெரிந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரோசலிண்ட் பிக்கார்ட் என்ற பேராசிரியை, மனக்கலக்கத்தை அளப்பதற்காக மணிக்கட்டுப் பட்டைகள் செய்துகொண்டிருந்தார். அவருடைய மாணவர் ஒருவர், பேசமுடியாத தம் சிறிய தம்பிக்குக் கட்டிப்பார்க்க விடுமுறையில் இரண்டை எடுத்துப்போனார். பதிவைப் பார்த்தபோது ஒரு நாள் ஒரு கையில் மாத்திரம் அளவு மலைபோல உயர்ந்திருந்தது. பேராசிரியை அதைக் கருவியின் கோளாறென்று தள்ளிவிடவில்லை. தெய்வச் செயலென்று கும்பிடவும் இல்லை. “அந்த நேரத்தில் என்ன நடந்தது?” என்று விசாரித்தார். பையனுக்கு அன்று பெரிய வலிப்பு வந்திருந்தது. பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குக் கட்டிச் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். 2018-இல் அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம் அந்த வழியில் வந்த பட்டையை வலிப்புக்கு அனுமதித்தது. டென்மார்க்கிலும் 2013-இல் மணிக்கட்டுக் கருவியைப் பல ஆஸ்பத்திரிகளில் சோதித்து, பெரிய வலிப்புகளில் பத்துக்கு ஒன்பது வீதம் பிடித்துவிட்டதாகக் கண்டார்கள். இராத்திரியில் தனியே படுத்திருப்பவருக்கு வலிப்பு வந்தால் பட்டை அடுத்த அறையிலுள்ள தாயை எழுப்பும். பெரிய வலிப்புக்குப் பின் குப்புறக் கிடந்து, கவனிப்பாரின்றித் திடீரென்று செத்துப்போகிறவர்கள் உண்டென்பதால் இது சாதாரண உதவியல்ல.

தாயத்துக்கும் இதற்கும் என்ன பேதம்?

இதைக் கேட்டதும் பூசாரிக்குச் சந்தோஷம் வரலாம். “நாங்கள் மந்திரித்த கயிறு கட்டினால் மூடநம்பிக்கை, வெள்ளைக்காரன் பட்டை கட்டினால் விஞ்ஞானமோ?” என்று கேட்பார். நானும் அதைத்தான் உங்களைக் கேட்கச் சொல்லுகிறேன். அமெரிக்காவிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றை நம்புவதும் மூடநம்பிக்கைதான்.

பேதம் இதில் இருக்கிறது. கயிறு கட்டிய பிறகு வலிப்பு வராவிட்டால் கயிற்றின் மகிமை. வந்துவிட்டால் நீ சுத்தபத்தமாக இல்லை. எப்படியானாலும் கயிறு தோற்பதில்லை. தோற்கவே முடியாத ஒன்று ஜெயித்ததாக எப்படிச் சொல்ல முடியும்? கருவிக்காரனோ எத்தனை வலிப்பைப் பிடித்தது, எத்தனையைத் தவறவிட்டது, வலிப்பே இல்லாமல் எத்தனை தடவை பொய்யாகக் கூவிற்று என்று எண்ணிக் காட்டியாக வேண்டும். பல் துலக்கினாலும், மாவாட்டினாலும், கைதட்டினாலும் அது ஏமாறக் கூடும். 2021-இல் உலக வலிப்புநோய் எதிர்ப்புச் சங்கத்தாரும் அவர்களோடு சேர்ந்த நரம்பியலாரும் இதுவரை நடந்த சோதனைகளையெல்லாம் திரட்டிப் பார்த்து என்ன சொன்னார்கள்? கூவியதும் ஓடிவந்து உதவ ஆள் இருந்தால், பெரிய வலிப்புக்கு இந்தக் கருவிகளை உபயோகிக்கலாம்; மற்ற வகை வலிப்புகளுக்கு இப்போதைக்கு நாங்கள் சிபாரிசு செய்யவில்லை என்றார்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன சிறு துள்ளலும் அந்த “மற்ற வகை”யில்தான் சேர்ந்தது. மிகச் சுருக்கமாக வந்துபோவதால், அது சாதாரணக் கை அசைவோடு கலந்துவிடுகிறது. தசையின் மின்சாரத்தையும் அசைவையும் சேர்த்துப் பதிந்து அதைப் பிரித்தெடுக்க ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது. தன் சாமிக்கு இன்ன காரியம் முடியாது என்று சங்கம் கூடித் தீர்மானம் போட்ட பூசாரியை நீங்கள் பார்த்ததுண்டா? அதுதான் பேதம்.

இரும்பு கொடுக்கும் சங்கதியையும் இதே உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தால் நின்றுவிடுகிறதாம். பெரும்பாலான வலிப்பு ஒன்றிலிருந்து மூன்று நிமிஷத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். “சாவி எங்கே, சாவி எங்கே” என்று ஓடித் தேடிக் கொண்டுவருவதற்குள் இரண்டு நிமிஷம் ஆகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் கையில் விளக்குமாற்றைக் கொடுத்திருந்தாலும் நின்றுதான் இருக்கும். சந்தேகமிருந்தால் இரும்பு கொடுத்து எத்தனை நிமிஷம், கொடுக்காமல் எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். இத்தனை காலமும் கொடுத்துவந்தவர்கள் ஏன் ஒரு கடிகாரம் வைத்துப் பார்க்கவில்லை?

ஐந்தெழுத்தும் ஜாதியும்

நம்முடைய தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்லுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்து டாக்டர்கள் சிலர், ஒரே சமூகத்தைச் சேர்ந்த பல குடும்பங்களில், வயது வந்தவர்களுக்குக் கைவிரல் நடுக்கமும் துள்ளலும் எப்போதாவது வலிப்பும் தலைமுறை தலைமுறையாக வருவதைக் கவனித்து 2016-இல் வெளியிட்டார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வரக்கூடியது. நம்மவர்கள் இதைக் குலதெய்வக் குற்றம், பாட்டன் செய்த பாவம் என்றுதானே சொல்லியிருப்பார்கள்? 2018-இல் ஜப்பானியர்கள் தங்கள் நாட்டிலுள்ள இதே நோய்க்குக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். உயிரணுவிலுள்ள பரம்பரை எழுத்துக்களில் டி-டி-டி-சி-ஏ என்னும் ஐந்தெழுத்து ஓரிடத்தில் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. தோழர்களே, இது பக்தர்கள் ஓதும் ஐந்தெழுத்தல்ல. ஓதினாலும் ஓதாவிட்டாலும் இருக்கும் ஐந்தெழுத்து!

2020-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி இதைவிட ருசிகரமானது. இந்த எழுத்துப்பிழை இந்தியக் குடும்பங்களிலும் இலங்கைக் குடும்பத்திலும் இருப்பதைக் கண்டு, கிழக்காசியாவிலுள்ளதோடு ஒத்துப்பார்த்து, இவர்கள் எல்லோருக்கும் இது ஒரே மூதாதையிடமிருந்து வந்தது, சுமார் 17,000 வருஷத்துக்கு முன் தோன்றியது என்று கணக்கிட்டார்கள். 17,000 வருஷத்துக்கு முன் வேதம் ஏது? மனுதர்மம் ஏது? முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதை ஏது? ஜப்பானில் கை நடுங்குகிறவனும் தாமிரபரணிக் கரையில் கை நடுங்குகிறவனும் ஒரு பாட்டன் பேரப்பிள்ளைகள் என்று அவர்கள் உடம்பே சாட்சி சொல்லுகிறது. எங்கள் ரத்தம் தனி ரத்தம் என்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

வேறு சில கொடிய துள்ளல் நோய்கள், லாஃபோரா என்பவர் 1911-இல் விவரித்தது போன்றவை, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் அந்தப் பிழை வந்தால்தான் வரும். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் இருவரிடமும் ஒரே பிழை இருக்க வாய்ப்பு அதிகம். சொத்து வெளியே போகக்கூடாதென்று அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிறோமே, சில குடும்பங்களில் சொத்தோடு இதுவும் வெளியே போவதில்லை.

கல்யாணம்

தாய்மார்களே! இந்த நோயில் வலிப்பைவிடக் கொடியது ஒளித்துவைப்பது. பையனுக்கு வந்தால் மறைத்துக் கல்யாணம் செய்கிறார்கள். பெண்ணுக்கு வந்தால் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறார்கள். மறைத்துக் கொடுத்து, புருஷன் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிட முடியாமல் அவள் மருந்தை விட்டு, வலிப்பு வந்து, தாய் வீட்டுக்குத் துரத்தப்படுகிறாள். சட்டமே இதற்குத் துணையாக இருந்தது. 1976-இல் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, திரும்பத் திரும்பப் பைத்தியம் பிடிப்பவரோடு வலிப்பு வருகிறவரையும் சேர்த்து, கல்யாணத்துக்கு யோக்கியதையில்லாதவர் என்று எழுதினார்கள். 23 வருஷம் கழித்து 1999-இல்தான் வலிப்பு என்ற சொல்லை எடுத்தார்கள். சட்டத்திலிருந்து போய்விட்டது, நம் திண்ணையிலிருந்து போயிற்றா? ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் இருவரும் உட்கார்ந்து உண்மையைப் பேசும் ஒரு பொருத்தத்தைப் பார்ப்பதில்லை. சுயமரியாதைக் கல்யாணம் என்பது ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொள்வது மாத்திரமல்ல. ஒருவருக்கொருவர் எதையும் மறைக்காமல், சமமாக, தெரிந்து சம்மதிப்பதுதான் அது.

என்ன செய்வது?

பட்டை வாங்க எல்லோராலும் முடியாது. எல்லோருக்கும் அது வேண்டியதுமில்லை. ஆனால் அது செய்யும் வேலையை, அதாவது பார்த்து, எண்ணி, எழுதுவதை, நாம் இன்றைக்கே செய்யலாம். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தக் கை, முதல்நாள் எத்தனை மணி தூங்கினார், மாத்திரை தவறிற்றா என்று எழுதுங்கள். பஞ்சாங்கத்தில் ராகுகாலம் பார்க்கிற கண்ணால் இதைப் பாருங்கள். கையில் கைபேசி இருக்கிறது. துள்ளும்போது படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அப்படி எடுத்த படம் நோயை நிதானிக்க நல்ல உதவி என்று 2020-இல் அமெரிக்காவில் சோதித்தே சொல்லியிருக்கிறார்கள்.

பெரிய வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, கூர்மையான சாமானை அகற்றி, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ சாவியோ திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், அழுத்திப் பிடிக்காதீர்கள். 5 நிமிஷத்துக்கு மேல் போனாலும், நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் 100-க்கு 80 பேர் நம்மைப்போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்கிறார்கள். சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 100-க்கு 70 பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாமென்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. 1912-இல் வந்த ஃபீனோபார்பிடோன், 1938-இல் வந்த ஃபெனிடாயின் ஆகிய மலிவான மருந்துகளைக்கொண்டே கர்நாடகத்து யெலந்தூர்க் கிராமங்களில் டாக்டர் கே. எஸ். மணியும் அவர் கூட்டத்தாரும் பலபேருடைய வலிப்பை அடக்கிக் காட்டி 2001-இல் வெளியிட்டார்கள். ஆகவே குறைவு மருந்தில் இல்லை. வழியில் நிற்கிற ஆளில் இருக்கிறது; வழியே இல்லாத ஏழ்மையிலும் இருக்கிறது. ஆளை நாம் விலக்குவோம். வழியைச் சர்க்கார் போடட்டும். காரைக்காலில் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2016 முதல் ஜிப்மரின் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. வலிப்பு மாத்திரை ஒரு நாள்கூடத் தட்டில்லாமல் ஒவ்வொரு கிராமத்துச் சுகாதார நிலையத்திலும் கிடைக்க வேண்டுமென்று கேட்பது நம் உரிமை. சனிப்பெயர்ச்சிக்குப் பாதை போட்டு, பஸ் விட்டு, பந்தோபஸ்து கொடுக்க முடிகிற சர்க்காருக்கு இது முடியாதா?

நான் சொன்னதை நான் சொன்னதற்காக நம்பாதீர்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ காலையில் டம்ளரைத் தவறவிடுகிற ஒரு பிள்ளை இருந்தால், அதை அடிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். எழுதியதை டாக்டரிடம் கொண்டுபோங்கள். அதன் பிறகு கயிற்றை அறுப்பதா, வைத்துக்கொள்வதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.